ஒன்றரை வேலி ஆங்கிலம்

நாகூர்
9-6-1972

அன்புள்ள கமலா,

நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. கல்யாணமானவர்கள் அப்படித்தான் என்கிறாள் உம்மா. கமலவல்லி அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வங்கியில் அதிகாரிப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். பி.ஏ. போதும், பெண்களும் எழுதலாம். டிசம்பரில் திருச்சியில் தேர்வு. கணக்கைப் பற்றி எனக்குப் பயமில்லை, ஜவுளிக்கடைக்காரர் மகள். ஆங்கிலத் தாள்தான் பயமுறுத்துகிறது. சென்ற முறை எழுதிய ஒருத்தி கேள்வித்தாளைக் காட்டினாள். ஒரு சொல்லைக் கொடுத்து அதே பொருளுள்ள சொல் எது, எதிரான சொல் எது என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். பாதிச் சொற்களை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. விடுதியில் நாம் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஆங்கிலம் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே இருவரும் சேர்ந்து படிப்போம். கடைக்குப் பொட்டலம் கட்டப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வருகின்றன. வாப்பா கிழிப்பதற்கு முன் தலையங்கப் பக்கத்தை உருவிக்கொள்கிறேன். வாரம் பத்துச் சொல் நான் எழுதுகிறேன், பத்து நீ எழுது. சொல்லும் அர்த்தமும் மட்டும் போட்டால் ஏற்க மாட்டேன். அந்தச் சொல்லை வைத்து உன் வீட்டில் அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மண்டையில் ஒட்டும்.

முதல் சொல் 'ஆப்ஸ்டினேட்'. பிடித்த பிடியை விடாதவர். சிங்கப்பூர் மாப்பிள்ளை விஷயத்தில் என் வாப்பா மீரா உசேன் ஆப்ஸ்டினேட். நான் அவருக்குப் பிறந்தவள்.

உடனே எழுது.

ஹபீபா


ஆலங்கரை
திருத்துறைப்பூண்டி வழி
24-6-1972

அன்புள்ள ஹபீபுன்னிசாவுக்கு,

நலம். உன் கார்டுகள் வந்தன. தபால்காரர் கடிதங்களை மாமனாரின் கையில்தான் கொடுப்பார். மாமா படித்துவிட்டு எனக்குத் தருவார். நான் எழுதுவதையும் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். இதையும் படிப்பார். ஆகவே இங்கே எல்லோரும் சௌக்கியம்.

தை அறுவடையில் கூலித் தகராறு வந்தது முதல் ஊர் இன்னும் அமைதியாகவில்லை. ஆட்கள் சங்கத்தில் சேர்ந்துகொண்டு அரைப்படி கூடக் கேட்டார்கள், மாமா வெளியூர் ஆட்களை இறக்கினார், அடிதடியானது. இப்போது எங்கள் நெற்கொட்டகையில் போலீஸ்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். என் பாதுகாப்புக்காக வாசல் கதவும் கொல்லைக் கதவும் பூட்டியிருக்கும். முள்ளியாற்றுக்குக் குளிக்கப் போவதும் நின்றுவிட்டது. மாடி ஜன்னலில் நின்றால் மட்டும் ஆறு தெரியும்.

உன் யோசனையை மாமா படித்தார். திட்டுவார் என்று அடுக்களைக் கதவருகே நின்றேன். "படிம்மா, நல்லாப் படி. இங்கிலீசு தடங்கல் இல்லாமப் பேசக் கத்துக்க. இந்த வீட்ல ஒருத்தருக்காவது அது வேணும்" என்றார். மறுவாரம் தஞ்சாவூர் போனவர் ஒரு பெரிய அகராதி வாங்கி வந்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கிறது. நான் அழுதுவிட்டேன்.

என் சொற்களில் இரண்டை இங்கே எழுதுகிறேன், மீதி தனித்தாளில். 'பெனவலன்ட்', பிறர் நலம் விரும்பும். என் மாமனார் பெனவலன்ட். 'ரெட்டிசென்ட்', உள்ளத்தில் இருப்பதை வெளியே சொல்லாத இயல்பு. என் கணவர் ரெத்தினம் ரெட்டிசென்ட்.

இப்படிக்கு,
கமலவல்லி


நாகூர்
5-7-1972

அன்புள்ள கமலா,

உன் மாமாவுக்கு என் சலாம். அவரும் படிப்பதால் இந்தக் கடிதத்தில் பாடம் மட்டும்.

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்தால் ஆயுள் போதாது; வேரைப் பிடிக்க வேண்டும். 'பெனி' என்று தொடங்கினால் நல்லது. 'மல்' என்று தொடங்கினால் கெட்டது. பெனவலன்ட் என்றால் நல்லதை நினைப்பவர், மலவலன்ட் என்றால் கெடுதல் நினைப்பவர். ஒரு வேர் தெரிந்தால் ஒரு குடும்பமே வீட்டுக்கு வந்துவிடுகிறது. இந்த வாரம் உனக்கு ஐந்து வேர்கள் அனுப்புகிறேன், கிளைகளை நீயே தேடு.

விண்ணப்பம் இதனுடன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. திருச்சியில் நம் பழைய விடுதி வார்டனிடம் தங்க இடம் கேட்டாயிற்று.

ஒரு சந்தேகம். 'இந்த வீட்டில் ஒருத்தருக்காவது வேணும்' என்றாரே, எதற்கு வேணுமாம்? கேட்டாயா?

ஹபீபா


ஆலங்கரை
17-9-1972

ஹபீபா,

இதை மாமா படிக்கவில்லை. மாட்டுக்கொட்டிலில் சாணம் அள்ள வரும் எல்லையம்மாள் மடியில் வைத்துக்கொண்டு போய்த் திருத்துறைப்பூண்டியில் தபாலில் சேர்ப்பாள். அவள் புருஷன் அய்யாவு சங்கத்து ஆள். நீ பதில் எழுதினால் எல்லையம்மாள் பெயர் போட்டு அங்குள்ள விவசாயத் தொழிலாளர் சங்க விலாசத்துக்கு அனுப்பு. வீட்டு விலாசத்துக்கு வழக்கம்போல் சொற்களை மட்டும் அனுப்பிக்கொண்டிரு.

நீ கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

என் பெயரில் ஒன்றரை வேலி நிலம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கணக்கில் சுமார் பத்து ஏக்கர். எனக்கே போன வாரம்தான் தெரியும். ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்திருக்கலாம் என்று அரசாங்கம் உச்சவரம்பைக் குறைத்துவிட்டதல்லவா. மிச்சத்தை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். பெண்ணுக்குப் பிறந்த வீடு கொடுத்த சீதன நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இது வரப்போகிறது என்று மாமாவுக்குக் கல்யாணத்தின்போதே காற்றுவாக்கில் தெரிந்திருக்கிறது. என் அப்பா எனக்குச் சீதனமாக வாங்கிக் கொடுத்ததாகப் பத்திரம் எழுதியிருக்கிறார். அப்பா திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சமையல் ஏற்பாடு செய்து பிழைப்பவர். அவர் எங்கே நிலம் வாங்கினார்? சம்பந்தி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் மணமேடைக்குப் போகுமுன் எதிலோ போட்டேன்.

நிலச் சீர்திருத்த அதிகாரி இப்போது விசாரிக்கிறார். நிலம் உண்மையில் என்னுடையதுதான் என்று நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வக்கீல் இராஜாங்கம் வந்து என்னைக் கூடத்தில் நிற்கவைத்து ஒத்திகை பார்த்தார். "பயந்தாங்கொள்ளியா ரெண்டு வார்த்த சொன்னா பினாமின்னு எழுதிடுவான். நீங்க படிச்சவங்க. இங்கிலீசுல நிமிந்து பேசுங்க. சொந்தமா நெலம் வச்சு நிர்வாகம் பண்ற அம்மான்னு அவனுக்குத் தோணணும்" என்றார். மாமா அகராதியைத் தட்டிக் காட்டினார். "இதுக்குத்தாம்மா."

இந்த மூன்று மாதம் ராப்பகலாகப் படித்தேன், ஹபீபா. ஒவ்வொரு சொல்லையும் இந்தக் கதவைத் திறக்கிற சாவி என்று நினைத்துப் படித்தேன்.

நன்றாகப் பேசிவிட்டால் டிசம்பரில் திருச்சிக்கு அனுப்புகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நிலத்தில்தான் எல்லையம்மாள் வீட்டார் காலங்காலமாக உழைக்கிறார்கள். உபரி என்று தீர்ப்பானால் அவர்களுக்குக் கிடைக்கலாம். அவள் மடியில்தான் இந்தக் கடிதமும் போகிறது.

என்ன செய்யட்டும், சொல்.

கமலா


நாகூர்
25-9-1972

கமலா,

சொல்லாதே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாய் உன்னுடையது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு வந்துவிடு. மிஞ்சினால் என்ன செய்வார்கள்? திருக்கடையூருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து திருச்சிக்கு வர ஒரு பேருந்து போதாதா?

அவர் கொடுத்த வாக்கை நம்புகிறாயா? அப்படியானால் முதலில் தேர்வு, பிறகு வாக்குமூலம் என்று கேட்டுப் பார். சம்மதித்தால் அவர் பெனவலன்ட் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வாரம் ஒரே ஒரு சொல். 'அக்வியெஸ்'. மனம் ஒப்பாமல், வாயும் திறக்காமல் இணங்கிப்போவது. இதை வைத்து வாக்கியம் எழுதாதே.

ஹபீபா


ஆலங்கரை
12-11-1972

ஹபீபா,

சொல்லிவிட்டேன்.

நீ கடற்கரைக் காற்றில் உட்கார்ந்துகொண்டு 'ஒரு பேருந்து போதாதா' என்று எழுதிவிட்டாய். அந்தப் பேருந்துக்கு நடந்துபோக இந்த வீட்டில் மூன்று கதவு தாண்ட வேண்டும். அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். 'சம்பந்தி சொல்வதைக் கேள், என்னை வம்பில் மாட்டிவிடாதே' என்று பதில் வந்தது. அதையும் மாமா படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

விசாரணை நாளில் பட்டுப்புடவை வேண்டாம், கைத்தறி கட்டு என்றார்கள். அதிகாரி வயதானவர், தமிழில்தான் முதலில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். நிலம் என் தந்தை எனக்களித்த சீதனம், நான் ஆலங்கரையிலேயே குடியிருந்து நேரில் நின்று சாகுபடி செய்கிறேன், வரவு செலவு என் பொறுப்பு, யார் தலையீடும் இல்லை. நீயும் நானும் சேர்த்த சொற்கள் எங்கிருந்தோ வரிசையாக வந்து நின்றன. தடுமாறவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லச் சொல்ல அது உண்மை போலவே என் காதுக்குக் கேட்டது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பக்கத்துல இப்படி ஒரு இங்கிலீசு கேட்டு ரொம்ப நாளாச்சும்மா" என்றார். மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அய்யாவுவையும் எல்லையம்மாளையும் உள்ளே நிறுத்தியிருந்தார்கள். நான் பேசிய எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. எதை மறுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். வெளியே வந்ததும் அய்யாவு என் கணவரிடம், "என்னங்க சொன்னாங்க அம்மா?" என்று கேட்டார். இவர் வழக்கம்போல் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து எல்லையம்மாள் கொட்டிலுக்கு வந்தாள். "நீங்க பேசுனது எங்களுக்குப் புரியலம்மா. ஒங்க மாமா சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. அதுலேருந்து புரிஞ்சுக்கிட்டோம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று தேர்வுக்கான அனுமதிச் சீட்டு வந்தது. மாமா பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்தார்; திருச்சிப் பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். "ஊர்ல குடியிருந்து நேர்ல சாகுபடி பண்றேன்னு நீதானம்மா வாக்குமூலம் குடுத்துருக்கே. நாளைக்குப் பேங்குல போய் ஒக்காந்தீன்னா நெலம் நிக்குமா? நீ சொன்ன சொல்லுக்கு நீதான் காவல்."

அனுமதிச் சீட்டை அகராதிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

இனி எழுதாதே. எல்லையம்மாளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்க இன்று மிகவும் கூசியது. வாங்கிக்கொண்டாள்.

கமலவல்லி


நாகூர்
20-12-1972

கமலா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தனியாகப் போய்த் தேர்வு எழுதினேன். உன் இருக்கை எனக்கு முன்னால். மூன்று மணி நேரமும் காலியாக இருந்தது. ஆங்கிலத் தாளில் நாம் சேர்த்ததில் பல வந்திருந்தன. ஒவ்வொன்றையும் எழுதும்போது ஆத்திரமாக இருந்தது. உன் மேல்தான். வேறு யார் மேல் ஆத்திரப்பட்டு எனக்கு என்ன பயன்? அந்த மனிதர்களின் நிலத்தை இந்தச் சொற்களை வைத்துத்தானே உன் மாமாவுக்குக் கொடுத்துவிட்டாய். சொற்களைத் தேடித் தந்ததில் எனக்கும் பங்கிருக்கிறது.

சிங்கப்பூர் சம்பந்தத்தை வாப்பா ஏப்ரல்வரை தள்ளிவைத்திருக்கிறார். தேறாவிட்டால் நிக்காஹ். நானும் கதவுக்குள்தான் இருக்கிறேன். என் கதவில் தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்வு, அவ்வளவே வித்தியாசம்.

ஹபீபா


நாகூர்
2-5-1973

அன்புள்ள கமலா,

தேறிவிட்டேன். நேர்முகத்திலும் எடுத்துவிட்டார்கள். ஜூன் முதல் கும்பகோணம் கிளை. வாப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் நான் எழுதியது எல்லாம் நியாயம். ஆனாலும் அதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. மூன்று கதவுக்கு உள்ளே இருப்பவளிடம் வெளியே நின்று கத்தினேன்.

சங்கம் மேல்மனுச் செய்திருப்பதாகவும், அதிகாரி வயலுக்கே வந்து விசாரிக்கப் போவதாகவும் பத்திரிகையில் ஒரு ஓரத்தில் பார்த்தேன், ஆலங்கரை என்று பெயர் போட்டிருந்தது. என்ன சொல்ல வேண்டுமென்று இந்த முறை நான் சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு பாய் போட இடமிருக்கிறது. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் ஹபீபா


திருக்கடையூர்
29-7-1973

அன்புள்ள ஹபீபா,

உன் மே மாதக் கடிதம் எல்லையம்மாள் மூலம் வந்தது. பதில் எழுதத் தாளும் நேரமும் இருந்தன, துணிவுதான் வரவில்லை. இப்போது அப்பா வீட்டில் இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடி பிறந்த மறுநாள் அதிகாரி வயலுக்கு வந்தார். புதியவர், இளைஞர். ஒரு வாரமாக மாமாவும் வக்கீலும் எனக்கு மறுபடி பாடம் நடத்தியிருந்தார்கள். நாற்றங்கால் எந்த மூலை, வாய்க்கால் மடை எங்கே, போன போகம் எத்தனை மூட்டை எல்லாம் ஆங்கிலத்தில் தயார். காரிலிருந்து இறங்கி வரப்பில் கால் வைத்தேன். வழுக்கியது. வக்கீல் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நடவுக்கு வந்த பெண்கள் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லையம்மாள் ஒரு கட்டு நாற்றைக் கையில் வைத்திருந்தாள்.

அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் படித்திருந்ததால் ஆங்கிலத்திலேயே கேட்டார்: உங்கள் நிலத்தின் எல்லையைக் காட்டுங்கள். என்ன சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. எதிரே அத்தனை பேரும் போன தடவை போலவே புரியாத முகத்தோடு என் வாயைப் பார்த்தார்கள்.

நான் தமிழில் சொன்னேன். "ஐயா, எனக்கு எல்லை தெரியாதுங்க. இந்த வரப்புல நான் இன்னிக்குத்தான் மொத தடவையா கால் வைக்கிறேன்."

வக்கீல் முந்திக்கொண்டார். "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல சார்."

"வெயில் ஒண்ணும் பண்ணலைங்க. எங்கப்பா நெலம் எதுவும் வாங்கிக் குடுக்கல. போன வருசம் நான் சொன்னது இவங்க எழுதிக் குடுத்தது."

"பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு ஒங்க மேல வழக்கு வரும். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார் அதிகாரி.

"தெரியுங்க."

அதிகாரி எழுதினார். தமிழிலேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். யாரும் கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை. எல்லையம்மாள் நாற்றுக் கட்டைத் தண்ணீரில் மெதுவாக வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். மாமா குடையை மடக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. மாமா என் கணவரைக் கூப்பிட்டு, "பஸ்ஸு ஏத்திவிட்டுட்டு வா" என்றார். கட்டிய புடவையோடு வந்தேன். பி.ஏ. சான்றிதழ் அங்கே இரும்புப் பெட்டியில் இருக்கிறது, அகராதியும் அங்கேதான். பேருந்து நிலையத்தில் இவர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். நான்கு வருடத்தில் இவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அங்கேதான் கேட்டேன். "எங்கப்பா முன்னாடி எனக்கு வாயே கெடயாது, கமலா. ஒனக்கு இருந்துச்சு. அதுக்காக ஒன்ன வீட்ல வச்சுக்கிற தைரியமும் எனக்குக் கெடயாது. மன்னிச்சுக்கன்னு சொல்ல மாட்டேன், அது ஒனக்கு எதுக்கும் ஒதவாது." பேருந்து கிளம்பும் வரை நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வராததுதான் வருத்தமாக இருந்தது.

நிலம் இன்னும் யாருக்கும் போகவில்லை. மாமா கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். நடவு நின்று, உழுத சேறு வெடித்துக் கிடக்கிறதாம். எல்லையம்மாளைக் கொட்டில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சங்கத்து ஆள் ஒருவர் வந்து சொன்னார். 'கூலி போனா என்ன, பேச்சு எங்க பாசையில இருந்துச்சுன்னு சொல்லுங்க' என்று அவள் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

இங்கே அப்பா என்னைச் சமையற்கட்டுக்கு உள்ளேயே வைத்திருந்தார். ஆடியென்றும் பார்க்காமல் ஜன்ம நட்சத்திரத்துக்கு அறுபதாம் கல்யாணக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தினமும் ஒரு கிழவர் ஒரு கிழவிக்கு மறுபடி தாலி கட்டுகிறார். நான் உள்ளே தேங்காய் துருவுகிறேன். கேட்பவர்களிடம் அப்பா, 'பிரசவத்துக்கு வந்துருக்கா' என்று சொல்லிவைத்திருக்கிறார். இதற்கும் ஒரு பொய் வாக்குமூலம்.

நேற்று இலை போட ஆள் குறைந்து நானே பந்திக்கு வர வேண்டியிருந்தது. மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்து, "எத்தன மாசம்மா?" என்றார்.

"பிரசவத்துக்கு வரலைங்க. அந்த வீட்ட விட்டு வந்துட்டேன். திரும்பிப் போகல" என்றேன். அந்த அம்மாள் சோற்றில் ஒரு குழி செய்துகொண்டார். பிறகு, "ரசம் கொஞ்சம் ஊத்து" என்றார். அப்பா வாளியோடு பின்னாலேயே நின்றிருந்தார்.

பந்தி முடிந்து பாத்திரம் ஒழித்த பிறகு அப்பா வந்தார். திட்டுவார் என்று இருந்தேன். "கேசுல என்னையும் கூப்புடுவாங்க. கையெழுத்துப் போட்டவன் நான்தானே. என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துரு, மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றார்.

"எழுதிக் குடுக்க மாட்டேம்ப்பா. நடந்ததச் சொல்லுங்க."

"அத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலையே." அம்மியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவ்வளவு சிறியவராக எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. எழுந்திருக்கும்போது, "அந்த நாகூர்ப் பொண்ணு கும்மோணத்துலதானே இருக்கு? போறதுன்னாப் போ. நான் அனுப்புனேன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

வழக்கு வரும். ஊரூராக என்னை ஏசுவார்கள். தேர்வு மறுபடி எழுத வயது இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கையில் சான்றிதழ் இல்லை. வருவதானால் உனக்குப் பாரமாகத்தான் வருவேன். இன்னும் நான் வர வேண்டுமென்றால் எழுது. கும்பகோணத்தில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் எழுது.

கமலா


கும்பகோணம்
1-8-1973

கமலா,

மகாமகக் குளம் நிறுத்தத்தில் இறங்கு. பேருந்து நிலையம் வரை வராதே. பக்கத்து நெல் மண்டிகளுக்கு உன் மாமா வீட்டு ஆட்கள் வந்துபோகிறார்கள், ஆலங்கரை என்று எழுதிய வண்டியை நானே பார்த்தேன். ஞாயிறு காலை முதல் வண்டி வரும் நேரத்திலிருந்து நிறுத்தத்தில் நிற்பேன். முதல் வண்டியில் நீ வராவிட்டாலும் நின்றுகொண்டிருப்பேன். சான்றிதழுக்கு நகல் வாங்க என்ன வழி என்று விசாரித்துவிட்டேன், வந்ததும் சொல்கிறேன்.

வீட்டுக்காரம்மா உன்னை யாரென்று கேட்பார். நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை. நீயே சொல்லிக்கொள்.

ஹபீபா